எண்ணெயும் தாதுவும் விற்ற பணம்: வருங்காலத் தலைமுறை நிதியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய், எரிவாயு, இரும்புத்தாது, வைரம், பாஸ்பேட் என்று தோண்டி விற்றால் திரும்ப முளைக்காத பொருள்களில் அரசுக்கு வரும் பணத்தை, மொத்தமாகச் செலவழிக்காமல் ஒரு பொது நிதியத்தில் போட்டு வைப்பது பற்றிய கேள்விகள் இவை. இந்தப் பேச்சு எடுத்தாலே நார்வே பெயரைச் சொல்லி, அந்தப் பெரிய தொகையைச் சொல்லி வாயைப் பிளந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எவ்வளவு போட்டார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எவ்வளவு எடுக்கிறார்கள், யாரைக் கேட்டு எடுக்கிறார்கள் என்பதில்தான் ஒரு நிதியத்தின் தலையெழுத்தே இருக்கிறது என்பது என் கட்சி. கீழே உள்ள பதில்களில் அந்தச் சாய்வு தெரியும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்த நிதியம் என்பது சரியாக என்ன? வங்கியில் போட்ட வைப்புத்தொகை மாதிரியா?

கிட்டத்தட்ட. சுரங்க நிறுவனங்களும் எண்ணெய் நிறுவனங்களும் அரசுக்குக் கட்டும் ராயல்டி (தோண்டியெடுக்கும் பொருளுக்காக அரசுக்குத் தரும் பங்கு), வரி, அரசின் சொந்தப் பங்குக்கு வரும் லாபம், இவற்றில் ஒரு பகுதியோ முழுவதுமோ பட்ஜெட்டுக்குப் போகாமல் தனிக் கணக்குக்குப் போகிறது. அந்தப் பணத்தைப் பங்குகள், கடன்பத்திரங்கள், கட்டடங்கள் என்று முதலீடு செய்கிறார்கள். அதில் வரும் ஆதாயத்தை மட்டும் (அல்லது அதற்குச் சமமான தொகையை) ஆண்டுதோறும் அரசு எடுத்துச் செலவழிக்கலாம். போட்ட அசல் தொகையில் கை வைக்கக் கூடாது.

குவைத் இந்த வகையில் மூத்தது. சுதந்திரம் கிடைப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1953-ல், எண்ணெய்ப் பணத்தை முதலீடு செய்ய ஒரு வாரியத்தை லண்டனில் அமைத்துவிட்டார்கள். வருங்காலத் தலைமுறை நிதியம் என்று பெயரே வைத்துத் தனியாகத் தொடங்கியது 1976-ல்.

எண்ணெய் விற்றால் வருவது வருமானம்தானே? வருமானத்தைச் செலவழித்தால் என்ன தப்பு?

இதைத் தெளிவுபடுத்திவிட்டால் பாதிக் கேள்விகள் தானாகவே விழுந்துவிடும். பூர்வீக நிலத்தை விற்று வந்த பணத்தை யாரும் இந்த மாதச் சம்பளம் என்று சொல்வதில்லை. ஆனால் அரசுகள் அப்படித்தான் சொல்கின்றன. பட்ஜெட்டில் வருவாய் என்ற தலைப்பின் கீழ், விற்பனை வரிக்குப் பக்கத்திலேயே, ராயல்டி உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவனுக்கு அரசு நன்றாகச் சம்பாதிக்கிற மாதிரி இருக்கும். உண்மையில் ஒரு சொத்து குறைந்து கையில் பணம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சொத்தோ இன்றைக்கு ஓட்டுப் போடுகிறவர்களுக்கு மட்டும் சொந்தமானது கிடையாது.

ஜான் ஹார்ட்விக் என்ற கனடியப் பொருளாதார அறிஞர் 1977-ல் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார்: தீர்ந்துபோகும் வளத்திலிருந்து கிடைக்கும் உபரியை முழுக்க வேறு மூலதனமாக மாற்றினால்தான் ஒரு சமூகத்தின் நுகர்வு பிற்காலத்தில் குறையாமல் இருக்கும். உலக வங்கி நாடுகளின் சேமிப்பைக் கணக்கிடும்போது, வளம் கரைந்த அளவைக் கழித்துக் காட்டும் ஒரு அளவுகோலும் வைத்திருக்கிறது. அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், வேகமாக வளர்கிறோம் என்று மார்தட்டும் சில நாடுகள் வருடாவருடம் ஏழையாகிக்கொண்டிருப்பது தெரியும்.

கணக்குப் போட்டுக் காட்டினால் நம்புகிறேன்.

சரி. ஒரு சுரங்கம் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 50 கோடி வீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1000 கோடி. வந்ததை வந்தபடி செலவழித்தால் 21-ஆம் ஆண்டில் கையில் பூஜ்யம். சுரங்கம் இருந்த இடத்தில் குழி.

மாறாக, 50 கோடியையும் ஆண்டுதோறும் நிதியத்தில் போட்டு, பணவீக்கம் போக 3 சதவீதம் ஆதாயம் கிடைப்பதாகவும், அந்த ஆதாயத்தை மட்டும் பட்ஜெட்டுக்கு எடுப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் ஒன்றரைக் கோடிதான் தேறும். 10-ஆம் ஆண்டில் 15 கோடி. 20-ஆம் ஆண்டில் 30 கோடி. அப்புறம் சுரங்கம் மூடிவிட்டாலும் அந்த 30 கோடி, இன்றைய மதிப்பில், வந்துகொண்டே இருக்கும். 21-ஆம் ஆண்டுக்கும் வரும், 121-ஆம் ஆண்டுக்கும் வரும்.

ஆனால் இந்தக் கணக்கிலேயே வலியும் தெரிகிறது பாருங்கள். முதல் பத்தாண்டில் 50 கோடி வரும் இடத்தில் 15 கோடிக்கும் குறைவாகச் செலவழித்துக்கொண்டு ஓர் அரசு தேர்தலைச் சந்திக்க வேண்டும். எதிரணி சும்மா இருக்குமா?

பசியோடு இருக்கும் நாட்டில் நாளைய பேரனுக்குச் சேமிப்பது அநியாயம் இல்லையா?

இருக்கிற எதிர்வாதங்களிலேயே வலுவானது இதுதான். இதற்குச் சுலபமான பதில் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ஏழை நாட்டில் இன்றைக்குப் பிறக்கும் குழந்தைக்குத் தடுப்பூசி போடாமல், அந்தப் பணத்தை வெளிநாட்டுக் கடன்பத்திரத்தில் போட்டு மூன்று சதவீதம் சம்பாதிப்பது தர்மமும் இல்லை, கெட்டிக்காரத்தனமும் இல்லை. அந்தக் குழந்தைதான் எதிர்காலத் தலைமுறை. பள்ளிக்கூடம், குடிநீர், சாலை இவற்றில் போடும் பணமும் சேமிப்புதான், சொல்லப்போனால் பல இடங்களில் நிதியத்தைவிட அதிக ஆதாயம் தரும் சேமிப்பு.

போட்ஸ்வானா இந்த வழியில் போனது. 1966-ல் சுதந்திரம் வாங்கியபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. மறு ஆண்டே ஒராபா என்ற இடத்தில் வைரம் கிடைத்தது. அந்தப் பணத்தை அவர்கள் உடனே பெட்டியில் பூட்டவில்லை. கனிம வருவாய் சாலை, பள்ளி, மருத்துவமனை போன்ற வளர்ச்சிச் செலவுக்கும் கல்வி, சுகாதாரத்துக்கும் போகட்டும், மற்ற நடைமுறைச் செலவை மற்ற வரிகளில் சமாளிப்போம் என்று ஒரு வழிமுறை வைத்துக்கொண்டார்கள். மிஞ்சியது 1990களில் தொடங்கிய பூலா நிதியத்துக்குப் போனது. எல்லாம் கச்சிதமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். வைரத்தை விட்டால் வேறு தொழில் வளரவில்லை என்ற குறை இன்றும் இருக்கிறது, வைர விலை சரியும்போதெல்லாம் அங்கே பட்ஜெட் ஆட்டம் காண்கிறது. ஆனாலும் ஒரு தலைமுறைக்குள் நடுத்தர வருமான நாடாக மாறியது அவர்கள்தான்.

அதற்காக வந்ததை எல்லாம் உடனே வளர்ச்சிக்கே கொட்டலாமா என்றால், அதுவும் முடியாது. ஆண்டுக்கு 10 பாலம் கட்டும் திறமை உள்ள பொதுப்பணித் துறையிடம் 100 பாலத்துக்குப் பணம் கொடுத்தால் 100 பாலம் வராது. 100 ஒப்பந்தம் வரும். பொறியாளர், ஆசிரியர், செவிலியர் எல்லாரையும் உருவாக்கவே வருடக்கணக்கில் ஆகும். அதுவரை பணம் எங்கேயாவது காத்திருக்க வேண்டும். ஏழை நாட்டுக்கும் ஒரு நிதியம் தேவைப்படுவது முக்கியமாக இதற்காகத்தான்.

எல்லா நிதியமும் பேரன் பேத்திகளுக்குத்தானா?

இல்லை. விலை ஏறும்போது போட்டு, விலை விழும்போது எடுத்து பட்ஜெட்டைத் தாங்கிப்பிடிக்க ஒரு வகை. 2014-ன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. அப்படி ஒரு வீழ்ச்சியில் ஆசிரியர் சம்பளத்தை நிறுத்தாமல் இருக்க இது உதவும். நீண்ட காலச் சேமிப்புக்கு இன்னொரு வகை. கானா 2011-ல் சட்டம் போட்டபோது இரண்டையும் தனித்தனியாகவே வைத்தது. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பினால், தாங்கிப்பிடிப்பதற்கு எடுக்கிறோம் என்று சொல்லியே சேமிப்பையும் எடுத்துவிடுவார்கள்.

உள்நாட்டிலேயே முதலீடு செய்யலாமே, எதற்கு வெளிநாட்டுக்காரன் கம்பெனியில் போட வேண்டும்?

கேட்டாலே கோபம் வரும் விஷயம்தான், புரிகிறது. ஆனால் காரணம் இருக்கிறது. நெதர்லாந்தில் 1959-ல் குரோனிங்கன் பகுதியில் பிரம்மாண்டமான எரிவாயு வயல் கிடைத்தது. எரிவாயு ஏற்றுமதியில் வெளிநாட்டுப் பணம் கொட்ட, நாணயத்தின் மதிப்பு ஏறியது. மதிப்பு ஏறியதால் அந்த நாட்டுத் தொழிற்சாலைப் பொருள்கள் வெளியே விலை போகவில்லை, ஆலைகளில் வேலை குறைந்தது. இதற்கு டச்சு நோய் என்று 1977-ல் பெயர் வைத்தார்கள். பணத்தை நாட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே நிறுத்தினால் இந்த நோயின் வேகம் குறையும்.

இரண்டாவது காரணத்தை அரசுகள் சத்தமாகச் சொல்வதில்லை. உள்நாட்டில் முதலீடு என்று கதவைத் திறந்துவிட்டால், மறுநாளே அமைச்சரின் தொகுதியில் நஷ்டத்தில் ஓடும் ஆலைக்கு முதலீடு, வேண்டப்பட்டவரின் நிலத்துக்கு நல்ல விலை என்று வரிசை கட்டிவிடும். அது பட்ஜெட்டுக்கு வெளியே நடக்கும் செலவு. நாடாளுமன்றத்தில் விவாதம் இருக்காது. சாலை போட வேண்டுமானால் பட்ஜெட் வழியாகவே போடட்டும், எல்லார் கண்ணிலும் படட்டும்.

சரி, நார்வே என்னதான் செய்தது?

1969-ன் கடைசியில் வட கடலில் எக்கோஃபிஸ்க் வயல் கிடைத்தது. நிதியத்துக்கான சட்டம் 1990-ல்தான் வந்தது. முதல் தொகை, சுமார் 200 கோடி குரோனர் (நார்வேயின் நாணயம்), போடப்பட்டது 1996-ல். அதாவது எண்ணெய் கிடைத்து கால் நூற்றாண்டு கழித்து. இடைப்பட்ட காலத்தில் அவர்களும் செலவழித்தார்கள், கடன் வாங்கினார்கள், விலை விழுந்தபோது கையைச் சுட்டுக்கொண்டார்கள். பிறவியிலேயே சிக்கனக்காரர்கள் என்ற கதையை நம்ப வேண்டாம்.

எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தில் மொத்த வரி 78 சதவீதம் வரை போகிறது. இது போக வயல்களில் அரசே நேரடியாகப் பங்கு வைத்திருக்கிறது. இதையெல்லாம் சேர்த்து வரும் நிகரப் பணம் முழுவதும் நிதியத்துக்குப் போகிறது. பாதி இல்லை, முழுவதும். பிறகு பட்ஜெட்டில் விழும் பள்ளத்தை நிரப்ப நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு நிதியத்திலிருந்து எடுக்கிறது. எவ்வளவு? 2001-ல் வகுத்த விதிப்படி, நீண்ட கால சராசரியில், நிதியத்தின் மதிப்பில் 4 சதவீதம். ஆதாயம் அவ்வளவு வராது என்று தெரிந்ததும் 2017-ல் அதை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். வசதி இருக்கும்போதே தங்கள் பங்கைத் தாங்களே குறைத்துக்கொண்ட அரசியல்வாதிகள் என்று இவர்களைத்தான் காட்டத் தோன்றுகிறது.

2006 முதல் அதன் பெயரில் ஓய்வூதியம் என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. ஆனால் யாருக்கும் அதிலிருந்து நேரடியாக ஓய்வூதியம் போவதில்லை. என்னைக் கேட்டால் அது பாதுகாப்புக்காக வைத்த பெயர். எண்ணெய்ப் பணத்தில் கை வைப்பதைவிட பாட்டியின் பென்ஷனில் கை வைக்க எந்தக் கட்சிக்கும் கூச்சம் அதிகம்.

நிதியத்தின் இணையதளத்தைத் திறந்தால் முகப்பிலேயே மொத்த மதிப்பு குரோனரில் ஓடிக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி இலக்கங்கள் ஏறி இறங்கும். எந்த நாட்டில் எந்தக் கம்பெனியில் எவ்வளவு பங்கு என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. உலகில் பட்டியலிடப்பட்ட பங்குகளில் சராசரியாக 1.5 சதவீதம் அவர்களிடம். 2024 முடிவில் மொத்தம் சுமார் 19.7 லட்சம் கோடி குரோனர், 55 லட்சம் மக்களுக்கு. இதில் பாதிக்கு மேல் எண்ணெயில் வந்தது கிடையாது, போட்ட பணம் ஈட்டிய ஆதாயம்.

பங்குச்சந்தை விழுந்தால் பொதுப் பணம் போய்விடாதா?

விழும். 2008-ல் நார்வே நிதியம் 23.3 சதவீதம் இழந்தது. 2022-ல் 14.1 சதவீதம். 2008-ல் அவர்கள் பயந்து விற்கவில்லை. பங்குகளின் விகிதத்தை 40-லிருந்து 60 சதவீதமாக உயர்த்துவது என்று 2007-ல் எடுத்த முடிவின்படி, விலை விழுந்துகொண்டிருந்தபோதும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த ஆண்டே சந்தை திரும்பியது. இப்படிச் செய்ய நெஞ்சுறுதி மட்டும் போதாது, அடுத்த மாதச் சம்பளத்துக்கு இந்தப் பணத்தை நம்பியிருக்காத நிலைமையும் வேண்டும். மொத்தத்தில் ஆண்டுக்கு மூன்று சதவீதம் மட்டுமே எடுக்கிறவனால் கால் பங்கு வீழ்ச்சியைத் தாங்க முடியும். பத்துச் சதவீதம் எடுக்கிறவனால் முடியாது.

நிதியம் எதற்கு, மக்களிடமே பணமாகக் கொடுத்துவிடலாமே?

அமெரிக்க மாநிலமான அலாஸ்கா இரண்டையும் கலந்து செய்கிறது. 1969-ல் எண்ணெய் நிலங்களைக் குத்தகைக்கு ஏலம் விட்டதில் 90 கோடி டாலர் ஒரே நாளில் வந்தது. அன்றைய மாநில பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு. சில ஆண்டுகளில் அது கரைந்தது. அந்தக் கடுப்பில்தான் 1976-ல் மக்கள் ஓட்டுப் போட்டு அரசியலமைப்பையே திருத்தினார்கள்: கனிம ராயல்டியில் குறைந்தது 25 சதவீதம் நிரந்தர நிதியத்துக்கு, அந்த அசல் தொகையை மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் தொட முடியாது. ஆளுநர் ஜே ஹாமண்டின் யோசனைப்படி 1982 முதல் ஆதாயத்தில் ஒரு பங்கை, குழந்தைகள் உட்பட, அங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் கொடுக்கிறார்கள். முதல் காசோலை 1000 டாலர்.

இதில் உள்ள தந்திரம் எனக்குப் பிடிக்கும். வீட்டுக்கு வீடு காசோலை போவதால், நிதியத்தை யாராவது சுரண்டினால் மொத்த மாநிலமும் சண்டைக்கு வரும். ஆனால் அதே காசோலை பிறகு வேறு தலைவலியைக் கொடுத்தது. 1980-லேயே தனிநபர் வருமான வரியை ஒழித்துவிட்டார்கள். எண்ணெய் வருவாய் குறைந்தபோது வரி போடவும் முடியாது, காசோலையைக் குறைக்கவும் முடியாது. 2016-ல் ஆளுநர் பில் வாக்கர் காசோலையைப் பாதியாக வெட்டினார், வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது, வெட்டு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அங்கே பட்ஜெட் சண்டை என்றால் காசோலைச் சண்டைதான்.

தோற்றுப்போன கதைகளைச் சொல்லுங்களேன்.

நவ்ரு. பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் தீவு, பத்தாயிரம் பேர். உயர்தரப் பாஸ்பேட்டால் ஆன மேட்டுநிலம். 1968-ல் சுதந்திரம், பிறகு சுரங்கமும் அவர்கள் கைக்கே வந்தது. 1970களில் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசையில் இருந்தார்கள். வரி கிடையாது. சேமிப்புக்கு அறக்கட்டளையும் வைத்தார்கள், ஆமாம், நிதியம் இல்லாமல் அழியவில்லை, வைத்துக்கொண்டே அழிந்தார்கள். மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், சொந்த விமானக் கம்பெனி, லண்டனில் தோல்வியடைந்த ஓர் இசை நாடகம் என்று பணம் போனது. பற்றாக்குறைக்குச் சொத்துக்களை அடமானம் வைத்துக் கடன். 2004-ல் அந்த மெல்போர்ன் கட்டடமும் விற்பனைக்குப் போனது. தீவின் நடுப்பகுதியில் இன்று மண் இல்லை. பாஸ்பேட்டைச் சுரண்டியெடுத்த பிறகு எஞ்சிய சுண்ணாம்புப் பாறை முனைகள் ஆள் உயரத்துக்கு மேல் வரிசையாக நிற்கின்றன, அதில் விவசாயமும் செய்ய முடியாது, வீடும் கட்ட முடியாது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது அங்கே அப்படியே நடந்தது. 2015-ல் வெளிநாட்டு உதவியோடு புதிதாக ஒரு தலைமுறை நிதியம் தொடங்கியிருக்கிறார்கள்.

சாட் நாட்டின் கதை வேறு மாதிரி. உலக வங்கி எண்ணெய்க் குழாய்ப்பாதைக்குக் கடன் கொடுக்க நிபந்தனை விதித்ததால், 1999-ல் எண்ணெய்ப் பணத்தில் 10 சதவீதம் வருங்காலத் தலைமுறைக்கு என்று சட்டமே போட்டார்கள். 2003-ல் எண்ணெய் ஓட ஆரம்பித்தது. 2006 ஜனவரிக்குள் அந்த நிதியத்தையே ரத்து செய்துவிட்டு, எண்ணெய்ப் பணத்தைச் செலவழிக்க வேண்டிய முன்னுரிமைத் துறைகள் பட்டியலில் பாதுகாப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். உலக வங்கி முறைத்தது, கடனை நிறுத்தியது, பேசியது. 2008-ல் சாட் கடனைத் திருப்பிக் கட்டிவிட்டு வழியனுப்பிவைத்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து தலையில் கட்டிய விதிக்கு உள்ளூரில் காவல்காரர் யாரும் இல்லை.

ஆல்பர்ட்டாவில் ஊழலும் இல்லை, போரும் இல்லை, சோம்பேறித்தனம்தான். கனடாவின் இந்த எண்ணெய் மாகாணம் 1976-ல், நார்வேக்கு 20 ஆண்டு முன்பே, பாரம்பரிய நிதியம் தொடங்கியது. வள வருவாயில் 30 சதவீதம் போட்டார்கள். 1983-ல் 15 ஆக்கினார்கள். 1987-ல் போடுவதையே நிறுத்தினார்கள். அப்புறம் பல ஆண்டுகள் ஆதாயத்தையும் பட்ஜெட்டுக்கே எடுத்துக்கொண்டதால் பணவீக்கம் அதைத் தின்றது. யாரும் கொள்ளையடிக்கவில்லை. வளரவிடவில்லை, அவ்வளவே.

எடுக்கும் விதி இவ்வளவு முக்கியமா?

கிழக்குத் திமோரைப் பாருங்கள். 2002-ல் சுதந்திரம், 2005-ல் நார்வே பாணியில் பெட்ரோலிய நிதியம். சட்டம் அருமையாக எழுதப்பட்டது: எல்லாப் பணமும் நிதியத்துக்கு, எடுப்பது மொத்த வளத்தின் மதிப்பில் 3 சதவீதம். ஆனால் நாட்டுக்கு நீண்ட கால நன்மை என்று நியாயம் சொல்லி நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு அதற்கு மேலும் எடுக்கலாம் என்று ஒரு வாசலும் இருந்தது. ஆண்டுதோறும் அந்த வாசல் வழியாகவே போய்வருகிறார்கள். போரில் எரிந்துபோன நாடு, செலவு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பணம் தந்த பாயு-உண்டான் வயல் தன் ஆயுளின் கடைசிக்கு வந்துவிட்டது. எடுப்பது இதே வேகத்தில் போனால் நிதியமும் அதே வழியில்தான்.

ஒரு பக்கம் கடன், இன்னொரு பக்கம் சேமிப்பு. இது என்ன கூத்து?

கூத்துதான். நிதியம் பாதுகாப்பான கடன்பத்திரத்தில் ஒன்றிரண்டு சதவீதம் சம்பாதிக்க, அதே அரசு சர்வதேசச் சந்தையில் அதைப்போலப் பல மடங்கு வட்டிக்குக் கடன் வாங்குவது கானாவில் நடந்தது. 2022 டிசம்பரில் அந்த நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. எனவே நிதியத்தின் அளவை மட்டும் தனியாகப் பார்த்துப் பெருமைப்படக் கூடாது. கடனைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும். வட்டி அதிகமான கடனை அடைப்பதே பல நேரங்களில் வருங்காலத் தலைமுறைக்குச் செய்யும் முதல் சேமிப்பு. ஆபத்துக்குக் கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும், அதற்கு மேல் சேர்ப்பதைக் கடன் தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திருட்டை எப்படித் தடுப்பது?

முழுசாகத் தடுக்க முடியாது, மறைப்பதைக் கஷ்டமாக்கலாம். 2008-ல் இத்தகைய நிதியங்கள் கூடி சாண்டியாகோ கோட்பாடுகள் என்று 24 விதிகளை ஒப்புக்கொண்டன. மீறினால் தண்டனை கிடையாது, மனமிருந்தால் பின்பற்றலாம். அங்கோலா 2012-ல் நிதியம் தொடங்கியது, அடுத்த ஆண்டே அதிபரின் மகன் அதன் தலைவரானார். அதிபர் மாறியதும் 2018-ல் அவர் நீக்கப்பட்டார். இந்த மாதிரி நியமனத்தைப் பார்த்த பிறகு கோட்பாட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை.

ஒரு நிதியத்தை எடைபோட நான் பார்ப்பவை சில: தலைவர் யாருடைய சொந்தக்காரர், தணிக்கை அறிக்கை எத்தனை மாதம் தாமதமாக வருகிறது, எதில் முதலீடு என்ற பட்டியல் சாதாரண மனிதனுக்குக் கிடைக்கிறதா, எடுத்த பணம் பட்ஜெட் வழியாகப் போகிறதா இல்லை நேராக ஏதாவது திட்டத்துக்குப் போகிறதா. கடைசிக் கேள்விக்கு நேராக என்று பதில் வந்தால் மற்றதை விசாரிக்கவே வேண்டாம்.

போர், பேரிடர் என்று வந்தால் எடுக்கலாமா?

எடுக்கத்தான் வேண்டும். 1990-ல் ஈராக் படையெடுத்தபோது குவைத் அரசு நாட்டைவிட்டு வெளியே இருந்துகொண்டே இயங்கியது வெளிநாட்டில் இருந்த இந்த முதலீடுகளால்தான். போர்ச் செலவுக்கும் அப்புறம் எரிந்த எண்ணெய்க் கிணறுகளை மீட்டு நாட்டைக் கட்டுவதற்கும் பெருந்தொகை எடுத்தார்கள்.

வளம் தீர்ந்த பிறகும் நிதியம் நின்றதற்கு உதாரணம் உண்டா?

பசிபிக் தீவு நாடான கிரிபாட்டி. பிரிட்டிஷ் ஆட்சியில் 1956-ல் பாஸ்பேட் வருமானத்திலிருந்து தொடங்கிய நிதியம். 1979-ல் பனபா தீவின் பாஸ்பேட் தீர்ந்தது, அதே ஆண்டில்தான் நாடும் சுதந்திரம் அடைந்தது. சுரங்கம் மூடி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நிதியம் இருக்கிறது, பற்றாக்குறை ஆண்டுகளில் கைகொடுக்கிறது. ஆனால் பாஸ்பேட் யாருடைய காலடியில் இருந்ததோ அந்தப் பனபா மக்களில் பெரும்பாலோரை 1945-லேயே ஃபிஜியின் ராபி தீவுக்குக் குடியேற்றிவிட்டார்கள். வருங்காலத் தலைமுறை என்று பேசும்போது யாருடைய தலைமுறை என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

இந்தியாவில் இப்படி ஏதாவது இருக்கிறதா?

கோவாவில் இருக்கிறது, அதுவும் நீதிமன்றம் சொல்லி வந்தது. இரும்புத்தாதுச் சுரங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில், தாது விற்பனைத் தொகையில் 10 சதவீதத்தைத் தலைமுறைகளுக்கிடையிலான நீதிக்காக ஒரு நிரந்தர நிதியத்தில் போட உத்தரவிட்டது. மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2015-ன் சட்டத் திருத்தத்தில் வந்த அவை சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு இப்போதே செலவழிப்பதற்கானவை.

தோண்டாமலே விட்டுவிட்டால் அதுவே சேமிப்புதானே?

சில நேரங்களில் ஆமாம். ஆள்கிறவர்கள் மீது துளியும் நம்பிக்கை இல்லை என்றால் மண்ணுக்கடியில் இருக்கும் தாதுவை யாரும் சுவிஸ் வங்கிக்கு அனுப்ப முடியாது. ஆனால் நாளைக்கு அதற்கு விலை இருக்குமா என்பது நிச்சயமில்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் உலகம் கைவிட்டால் பேரனுக்குக் கிடைப்பது யாருக்கும் வேண்டாத கறுப்பு மண். அதே சமயம், தோண்டி எரித்தால் அவன் வாழப்போகும் காற்றையும் கடலையும் கெடுத்துவிட்டு அவன் பெயரில் பணம் போடுகிறோம். நார்வேக்கும் இந்த முரண்பாடு உண்டு. நிலக்கரியை நம்பியிருக்கும் கம்பெனிகளிலிருந்து நிதியம் வெளியேற 2015-ல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது, வட கடலில் எண்ணெய் எடுப்பதோ தொடர்கிறது.

மீன், காடு, ஆற்று மணல் இதற்கெல்லாம் இது பொருந்துமா?

மீனும் காடும் திரும்ப வளரும். வளரும் அளவுக்குள் எடுத்தால் அது உண்மையான வருமானம், செலவழிக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் சொத்தை விற்கிறோம் என்று அர்த்தம், ஆனால் அங்கே நிதியம் தொடங்குவதைவிட எடுக்கும் அளவைக் குறைப்பதே சரியான வைத்தியம். ஆற்று மணல் பெயரளவில்தான் புதுப்பிக்கும் வளம். ஆறு ஒரு பருவத்தில் கொண்டுவருவதைப் போலப் பல மடங்கு லாரிகளில் போகும்போது அதைக் கனிமம் மாதிரியே கணக்கில் வைக்க வேண்டும். அதோடு நிலத்தடி நீர் இறங்குவதற்கும் பாலத்தின் தூண் வெளியே தெரிவதற்கும் ஆகும் செலவைக் கழித்துப் பார்த்தால், பெரும்பாலான இடங்களில் நிதியத்தில் போட எதுவும் மிஞ்சாது.